ஏகாம்பரம் எதிர்க்கிறார்

செத்துப்போன ஆளோடு விவாதம் பண்ணி, அதிலும் தோற்றுப்போன அரசியல்வாதி இந்த நாட்டிலேயே ஒருத்தர்தான். அவரை நான் ஒரகடத்தில் பார்த்தேன். பார்த்தேன் என்ன, அவருடைய கட்சியிலேயே சேர்ந்தேன். என் வீட்டுக்காரிக்கு இந்த விஷயம் இப்போது இதைப் படிக்கும்போதுதான் தெரியும். பகல் வெளிச்சத்தில் படித்தால் அவளுக்கு நல்லது.

ஊரில் அவர் பெயர் செயலாளர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம், யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒரு சமதர்மக் கட்சியின் பொதுச் செயலாளர் அவர். தலைவர், பொருளாளர், தொண்டர் படை, மகளிர் அணி எல்லாமும் அவர்தான், ஏனென்றால் கட்சியில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர். உயிரோடு இல்லாதவர் ஒருவர் பாக்கி இருந்தார். வில்லங்கம் எல்லாம் அவரால்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் நானும் சுடலைமுத்துவும் அங்கே கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தோம். நான் தென்காசிப் பக்கம், அவன் நாங்குநேரிப் பக்கம். பெயரிலேயே சுடலையை வைத்துக்கொண்டு பேய்க்கு அவனைப் போலப் பயந்தவனை நான் கண்டதில்லை. எங்களுக்குக் கிடைத்த ரூம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தின் பின்பாதி. முன்பாதி கட்சி ஆபீஸ். நடுவில் தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு. கட்டடத்துக்காரர்களின் தாத்தா கட்சி அனுதாபி. அவர் கொடுத்த வாக்குக்காகப் பேரன்கள் முன்பாதியை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.

ஆபீஸ் சுவரில் கட்சியின் சின்னம், ஒரு முறம், வரைந்திருந்தது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்து, அதற்கும் மேலே 'ஆண்கள் தங்கும் விடுதி, வைஃபை உண்டு' என்று யாரோ விளம்பரம் எழுதினார்கள். கொஞ்ச நாளில் வைஃபைக்குக் கீழேயிருந்து முறம் மெல்ல மேலே வந்தது. மறுபடி பெயிண்ட் அடித்தார்கள், மறுபடி வந்தது. பெயிண்டர் மூன்றாவது தடவை வர மறுத்துவிட்டான். சுவரில் ஓதம் என்று நான் சொன்னேன். "ஓதம் முறம் மாதிரியேவாலே வரும்?" என்று சுடலை கேட்டான்.

கட்சியின் சரித்திரத்தைத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் செயலாளரே எங்களுக்குச் சொன்னார். அப்போது அந்தப் பக்கமெல்லாம் நெல் வயலாம். இன்று கன்டெய்னர்கள் அடுக்கி நிற்கும் இடத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்ததாம். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மதகை மறித்து உட்கார்ந்தவர்கள்தான் கட்சியை ஆரம்பித்தார்கள். தண்ணீர் வந்தது. கட்சி ஜெயித்த ஒரே போராட்டம் அது. அதற்குப் பிறகு நின்ற தேர்தலில் எல்லாம் டெபாசிட் காலி.

கட்சி உடைந்தது கொள்கைப் பிரச்சினையில். சின்னமான முறம் நிமிர்ந்திருக்க வேண்டுமா, கவிழ்ந்திருக்க வேண்டுமா என்பதுதான் கொள்கை. நிமிர்ந்த முறத்தில் நெல் நிற்கும், அது நம்பிக்கை என்றது ஒரு கோஷ்டி. ஏழைக்கு இன்னும் சோறே வரவில்லை, நெல்லை எப்படிக் காட்டலாம், கவிழ்த்து வை என்றது இன்னொரு கோஷ்டி. மாநாட்டுப் பந்தலில் நிஜ முறத்தாலேயே அடித்துக்கொண்டார்களாம். கவிழ்ந்த முறத்துக்காரர்கள் வெளியேறினார்கள். இருந்தவர்கள் கட்சிப் பெயருக்கு முன்னால் 'ஒன்றுபட்ட' என்று சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை உடைந்தபோது அதற்கும் முன்னால் 'உண்மையான' சேர்ந்தது. ஆள் குறையக் குறையப் பெயர் நீண்டு, கடைசியில் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லச் செயலாளரால் மட்டும்தான் முடிந்தது.

இந்தக் களேபரத்தில் ஒருத்தர் மட்டும் வினோதம். பெயர் ஏகாம்பரம். அவர் கவிழ்ந்த முறத்துக்காரர், ஆனால் வெளியேறவில்லை.

"ஏன் போவல?" என்று சுடலை கேட்டான்.

"கட்சி ஒடையறதையும் எதுக்கறேன்னு சொல்லிட்டான் தம்பி. அவன் எதுக்காத விஷயமே கெடையாது. ஃபேக்டரி வந்தப்போ எதுத்தான். நம்ம பசங்களுக்கு அதுல வேலை குடுன்னு நான் தீர்மானம் போட்டேன், அதையும் எதுத்தான். என் கல்யாணத்துல சாம்பாரை எதுத்தான். ஆனா மதகுல போலீஸ் அடிச்சப்போ என் மேல குப்புற வுழுந்து அடிய வாங்கினவன் அவன்தான். முதுகு வளைஞ்சே போச்சு. அவ்ளோ சினேகிதம் எங்களுக்கு." சொல்லிவிட்டு மஃப்ளரைக் காதோடு இழுத்துக் கட்டினார். சித்திரை வெயிலிலும் அந்த மஃப்ளர் உண்டு. தூறல் பட்டால் போதும், பத்து நாள் சளி பிடித்துப் படுத்துவிடுவார்.

அந்தக் கட்சியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மடக்கு இரும்பு நாற்காலி, முதுகில் வெள்ளை பெயிண்டில் பெயர். யாராவது இறந்துபோனால் கூட்டம் கூட்டி இரங்கல் தீர்மானம் போடுவார்கள். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பெரும்பான்மை கைதூக்க வேண்டும். நிறைவேறியதும் அந்த நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கட்சியைப் பொறுத்தவரை அவர் இறந்தவர். வைத்தியர் சொன்னதோ சுடுகாட்டில் எரிந்ததோ செல்லாது.

ஒவ்வொருவராகப் போனார்கள், ஒவ்வொரு நாற்காலியாக மடங்கியது. கடைசியில் இவரும் ஏகாம்பரமும் மிஞ்சினார்கள். பிறகு ஏகாம்பரமும் போய்விட்டார். செயலாளர் இரங்கல் தீர்மானத்தை முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் இல்லை. செயலாளரின் மகன் வேறு கட்சி. ஊர்க்காரர்கள் பிளாட் போடுகிற மும்முரத்தில் இருந்தார்கள். ஆகவே ஏகாம்பரத்தின் நாற்காலி மடங்கவில்லை. ஆகவே கட்சி விதிப்படி ஏகாம்பரம் சாகவில்லை. சாகாத உறுப்பினர் கூட்டத்துக்கு வருவது கடமை. வந்துகொண்டிருந்தார்.

சும்மா சொல்லவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, வெயில் தாழும் நேரத்தில் கூட்டம். முன்பாதியில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே விரித்திருக்கும். டீக்கடையிலிருந்து இரண்டு டீ வரும். செயலாளர் எழுந்து நின்று, கொச்சைப் பேச்சை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, மேடைத் தமிழில் வருகைப் பதிவு எடுப்பார்.

"தோழர் ஏகாம்பரம்!"

கிறீச்.

"வந்திருக்கிறார். தீர்மானம் ஒன்று. நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று இச்சபை வலியுறுத்துகிறது. எதிர்ப்பவர்கள்?"

கிறீச்.

"தோழர் எதிர்ப்பது பதிவு செய்யப்படுகிறது. காரணம் சொல்ல விரும்புகிறாரா?" காலி நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு செயலாளர் பொறுமை இழந்து, "அத்த அப்பவே பேசி முடிச்சிட்டம்டா! மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்காத!" என்று கத்துவார்.

கதவுக்குப் பின்னால் நானும் சுடலையும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருப்போம். முதலில் நான் தைரியமாகத்தான் விளக்கம் சொன்னேன். பக்கத்துக் கம்பெனியில் தகடு அழுத்துகிற பெரிய பிரஸ் ஓடுகிறது, ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்கிறது, நாற்காலி கிறீச்சிடுகிறது, அவ்வளவுதான் என்றேன்.

சுடலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம பிரஸ் ஓடாதுலே. ஓட்டுனா நமக்கு ஓவர்டைம் போட்டு இழுத்துருக்க மாட்டானா?"

அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். டீ விஷயம் வேறு இருந்தது. கூட்டம் முடிந்து பார்த்தால் ஏகாம்பரத்தின் டீயில் ஆடை படிந்திருக்கும், ஆனால் டீ பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். பீடி என்றாலே செயலாளருக்கு இருமல் வரும், ஆனால் ஆபீஸில் கூட்டம் நடக்கிற ஞாயிறெல்லாம் பீடி வாசனை. டீக்கடைக்காரர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஏகாம்பரம் சக்கரை கம்மியா கேப்பாரு, அது மட்டும் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றார்.

அந்த ஐப்பசியில் கட்டடத்துக்காரப் பேரன்கள் வந்தார்கள். இடித்துவிட்டு மாடி மாடியாகத் தொழிலாளர் விடுதி கட்டப் போகிறார்களாம், தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டுமாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். செயலாளரின் மகன் படப்பையில் புதுசாக வீடு கட்டியிருந்தார், அப்பாவை அங்கே கூப்பிட்டபடி இருந்தார். செயலாளருக்குப் போக இடம் இருந்தது. அவர் கவலை அதுவல்ல.

அன்று சாயங்காலம் நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சுடலை கட்டிலின் மேல் ஏறி நின்றுவிட்டான்.

"பயப்படாத தம்பி, நான் மட்டும்தான் வந்துகீறேன்" என்றார். தரையில் உட்கார்ந்தார். "இந்த ஆபீசு போச்சுன்னா அவன் எங்கப்பா வருவான்? மாசாமாசம் வந்து, எடம் இல்லாம, மண்ணுமேட்ட பாத்துகினு நிப்பான். முதுகு வேற வளைஞ்சவன், நிக்க முடியாதுப்பா அவனால. அதுக்குள்ள நாற்காலிய மடக்கி, அவன முறையா அனுப்பி வெக்கணும். எனுக்கு ஒரு ஆளு வழிமொழியணும். நீங்க ரெண்டு பேரும் கட்சியில சேருங்க."

உறுப்பினர் ஆகத் தகுதி உண்டா என்று அங்கேயே விசாரணை நடந்தது. "சொந்தமா நெலம் கீதா?"

"நெலமா? ஐயா, ரெண்டு பேருக்கு ஒத்தக் கட்டிலு. ஷிப்டு மாறித்தான் புரண்டே படுக்கோம்" என்றான் சுடலை.

"அப்ப நீ பொறப்புலியே சமதர்மவாதி" என்று சொல்லி, கையோடு சேர்த்துக்கொண்டார். நான் முன்மொழிவதையும் வழிமொழிவதையும் யோசித்து முடிப்பதற்குள் நானும் சேர்ந்திருந்தேன். வழிமொழியும் பொறுப்பு, கட்டிலிலிருந்து இறங்காத குற்றத்துக்காகச் சுடலையிடம் போனது.

அந்த ஒரு வார்த்தையை அவன் வாரம் முழுக்க மனப்பாடம் செய்தான். லைனில் பாகம் அடுக்கும்போதும், கேன்டீனில் தட்டு கழுவும்போதும் "வழிமொழிகிறேன், வழிமொழிகிறேன்" என்று முணுமுணுத்தான். சூப்பர்வைசர், அவனுக்கு ஓவர்டைம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து ஒரு நாள் லீவு கொடுத்தார். அந்தக் கட்சியால் தொழிலாளி வர்க்கத்துக்கு என் காலத்தில் கிடைத்த ஒரே நன்மை அது.

ஞாயிறு வந்தது. மேகம் மூடிப் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லை. பிரஸ் ஓடவில்லை. நாலு நாற்காலிகள். சுவரில் சாய்ந்திருந்த பழைய நாற்காலிகளின் முதுகுப் பெயர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தபடி இருந்தன. சுடலைக்குக் கிடைத்த இடம் ஏகாம்பரத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில். அவன் தன் நாற்காலியின் மறு ஓரத்தில், கால் பாகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

செயலாளர் எழுந்தார். "அன்புத் தோழர் ஏகாம்பரம் அவர்களின் மறைவுக்கு இச்சபை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "வழிமொழிபவர்?"

வெளியே நெடுஞ்சாலையில் போகிற டிரெய்லர்களின் இரைச்சல்கூட அந்த நேரத்தில் கேட்கவில்லை. பீடி வாசனை மட்டும் வந்தது.

சுடலை எழுந்தான். முதுகு வளைந்து எழுந்தான், அதை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தான். வந்த குரல் கரகரவென்று, தொண்டையில் புகை கட்டின குரல்.

"இன்னாடா அவசரம் உனுக்கு? நான் இன்னும் பேசியே முடிக்கல. வூட்டுக்கு அனுப்பறானாம் வூட்டுக்கு. உக்காருடா மொதல்ல."

செயலாளர் டக்கென்று உட்கார்ந்துவிட்டார்.

சுடலை நாங்குநேரிக்காரன். 'என்னலே' என்பானே தவிர, அன்றைக்கு முன்பும் சரி, பின்பும் சரி, அவன் வாயில் 'இன்னா' வந்து நான் கேட்டதில்லை. கேன்டீனில் உள்ளூர்க்காரர்கள் பேசுவது காதில் விழுந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது எனக்கே ஒப்பவில்லை.

சுடலை திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் பரீட்சை எழுதி முடித்த நிம்மதி. "ஏலே, சொல்லிட்டேம்லா? சரியாச் சொன்னேனா?"

"சரியாச் சொன்னே" என்றேன். வேறு என்ன சொல்ல?

செயலாளர் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. "கேட்டுகினியா தம்பி? அவன் இன்னும் பேசி முடிக்கலையாம்" என்றவர், எழுந்து நின்று மேடைத் தமிழுக்கு மாறினார். "சபை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

இடிக்கிற அன்று மடங்கிய நாற்காலிகளை எல்லாம் டீக்கடைக்குக் கொடுத்துவிட்டார். "அவுங்க முறையா போயிட்டாங்க, இது வெறும் நாற்காலி" என்றார். விரித்த நாற்காலி இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். பொக்லைன் வந்து தள்ளியதும் முன்சுவர் துண்டு துண்டாக விழுந்தது. முறம் வரைந்த துண்டு மட்டும் உடையாமல், குத்துக்கல் மாதிரி நின்றது, தலைகீழாக. நிமிர்ந்த முறம் கவிழ்ந்துவிட்டது. செயலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, கடைசில அதுலயும் ஜெயிச்சிட்டான்" என்றார்.

படப்பைக்குப் போக ஷேர் ஆட்டோ ஏறினோம். டிரைவர் நாற்காலியை மடக்கச் சொன்னார்.

"ஒண்ண மடக்கறேன். இன்னொண்ண முடியாது. ஆளு கீது" என்றார் செயலாளர்.

டிரைவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பேசாமல் ஒதுக்கிக் கொடுத்தார். வழக்கமாகப் பலகை போட்டு ஆள் ஏற்றுகிற இடத்தில் நாற்காலி விரித்தபடி நின்றது. வழி நெடுக ஆள் ஏறினார்கள். மூச்சு முட்ட நெருக்கிக்கொண்டு நின்றார்களே தவிர ஒருவரும் அதில் உட்காரவில்லை. பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா மட்டும் உட்காரப் போனார், பாதியில் எழுந்து, "ஐய, பாக்கலப்பா, மன்ச்சிக்கோ" என்று காலி நாற்காலியிடம் சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். சுடலை அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மிச்ச வழியை நடந்து வந்தான்.

அதற்குப் பிறகும் படப்பை மாடியில் கூட்டங்கள் நடந்தன. முடிந்தபோதெல்லாம் நாங்கள் போனோம். கட்சிக்கு விசுவாசம் என்று சொல்லலாம், அந்த வீட்டு மீன் குழம்பு என்றும் சொல்லலாம். பிறகு எனக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்தது, போவது குறைந்தது. ஒரு நாள் காலையில் சுடலை போனில் அழுதான். "ஏலே, செயலாளர் போயிட்டாருலே."

எல்லாச் சடங்கும் முடிந்த பிறகு செயலாளரின் மகன் எங்கள் இருவரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்.

"அப்பா சொல்லிட்டுப் போனாருப்பா. கட்சில நீங்க ரெண்டு பேருதான் பாக்கியாம். இந்த ரெண்டு நாற்காலியையும் முறையா மடக்கிட்டு, அத்தோட முடிச்சிக்கச் சொன்னாரு. நான் வேற கட்சி, நான் மடக்கக் கூடாதாம்."

நான் நின்றேன். மேடைத் தமிழ் எனக்கு வராது, அவர் பேசியதைக் கேட்டுக் கேட்டு வந்ததை வைத்துச் சொன்னேன். தோழர்கள் இருவரின் மறைவுக்கும் இச்சபை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது என்றேன். சுடலை இந்தத் தடவை சொந்தக் குரலில் "வழிமொழியுதேன்" என்றான்.

"எதிர்ப்பவர்கள்?"

உச்சி வெயில். கொடியில் காய்ந்த வேட்டி அசையவில்லை. அந்தப் பக்கம் பிரஸ்ஸும் கிடையாது, வெறும் வீடுகள்தான்.

கிறீச்.

நான் சுடலையைப் பார்த்தேன். அவன் பயப்படவில்லை. எதிரே காலியாக இருந்த செயலாளரின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே தான் வழிமொழிந்த தீர்மானத்துக்கு எதிராகத் தன் கையைத் தூக்கினான். முன்மொழிந்தவன் நான். நானும் கையைத் தூக்கினேன். நாற்காலியோடு சேர்த்து எதிர்ப்பு மூன்று, ஆதரவு ஒருவருமில்லை. அந்தக் கட்சியின் சரித்திரத்தில் ஏகாம்பரத்தோடு எல்லோரும் ஒத்துப்போனது அன்று ஒரு தடவைதான்.

செயலாளரின் மகன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மடக்கலையா?"

"சபை ஒத்துக்கலண்ணே" என்றான் சுடலை.

இரண்டு நாற்காலிகளும் இன்றைக்கும் அந்த மாடியில் விரித்தபடிதான் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்கினால் நான் தவறாமல் படப்பைக்குப் போன் செய்து, நாற்காலிகளைக் கூரைக்குள் தள்ளி வைக்கச் சொல்கிறேன். செயலாளருக்கு நனைந்தால் சளி பிடிக்கும்.